முத்துப்பிள்ளை: சுத்தம் செய்த பிறகும் பீட்டா ஏன் இறங்கவில்லை?

கேள்வி: என் தங்கைக்கு வயது 24. முதல் கர்ப்பம். 11-வது வாரத்தில் உதிரம் பட்டதென்று ஸ்கேன் எடுத்தபோது முத்துப்பிள்ளை (நஞ்சுக்கொடித் திசு குமிழ்களாகப் பெருகும் கோளாறான கர்ப்பம்) என்றார்கள். அப்போது பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோன் 1,86,000. மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்தார்கள். சதைப் பரிசோதனையில் ‘கம்ப்ளீட் மோல்’ என்று வந்தது. அதன்பின் வாராவாரம் பார்த்த அளவு: 21,400, 3,850, 1,120, 610, 584. ஆறாவது வாரம் எங்கள் ஊருக்கு வந்திருந்ததால் இங்குள்ள லேபில் எடுத்தோம், 602. அடுத்த வாரமும் இறங்காவிட்டால் மெத்தோட்ரெக்ஸேட் ஊசி என்கிறார் டாக்டர். அது புற்றுநோய் ஊசி என்று கேள்விப்பட்டதிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. இன்னொரு முறை சுத்தம் செய்தால் போதாதா என்கிறார் அவள் மாமியார். போன வாரம் வீட்டில் கர்ப்பப் பரிசோதனைக் கார்டில் பார்த்ததற்கு இரண்டு கோடு வந்தது. அவளுக்கு பி நெகட்டிவ் ரத்தம். பப்பாளி சாப்பிட்டதால் வந்தது என்றும் பேச்சு. இனி அவளுக்குக் குழந்தை பிறக்குமா?
- ஒரு வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: இந்த வாரம் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழாவது வார ரத்தத்தை உங்கள் ஊர் லேபில் கொடுக்காதீர்கள். முதல் ஐந்து முறை எங்கே எடுத்தார்களோ அங்கேயே கொடுங்கள், பஸ் ஏறிப் போக வேண்டியிருந்தாலும். பீட்டா எச்.சி.ஜி. பார்க்கும் மெஷினும் கிட்டும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். முத்துப்பிள்ளையில் இந்த ஹார்மோன் முழுதாகவும் துண்டு துண்டாகவும் ரத்தத்தில் ஓடுகிறது. ஒரு கிட் எல்லாத் துண்டையும் சேர்த்து எண்ணும், இன்னொன்று சிலவற்றை விட்டுவிடும். அதனால் ஒரே ரத்தம் இரண்டு லேபில் இரண்டு அளவு காட்டுவது சகஜம். 584-க்கு அடுத்து 602 என்றதும் ஏறிவிட்டதாகப் பதறியிருப்பீர்கள். அந்த 18 வித்தியாசத்தை ஏற்றம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பிரிட்டனில் 1973 முதல் முத்துப்பிள்ளை வந்த பெண்களை மையப் பதிவேட்டில் சேர்த்து, அவர்களுடைய மாதிரிகளைத் தபாலில் வரவழைத்து, குறிப்பிட்ட சில மையங்களின் லேபிலேயே பார்க்கிறார்கள். நம் ஊரில் அந்தக் கட்டுப்பாட்டைக் குடும்பமே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உங்கள் டாக்டர் ‘அடுத்த வாரம்’ என்று சொன்னது குத்துமதிப்பாகச் சொன்னதில்லை. ஃபிகோ என்ற சர்வதேச மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறது. முதல் நாள், 7-ஆம் நாள், 14-ஆம் நாள், 21-ஆம் நாள் என மூன்று வார இடைவெளிக்குள் எடுத்த நான்கு அளவுகளும் பத்து சதவீதத்துக்கு மேல் கூடாமல் குறையாமல் ஒரே மட்டத்தில் நின்றால், கருப்பையில் உயிருள்ள திசு இன்னும் இருக்கிறது, மருந்து வேண்டும் என்று பொருள். உங்கள் தங்கையின் கணக்கில் 610-தான் முதல் நாள். பிறகு 584, 602. மூன்று அளவு ஆயிற்று, நான்காவதுதான் பாக்கி. 610-இல் பத்து சதவீதம் 61. ஆக, அடுத்த அளவு 549-க்குக் கீழே போனால் இறங்குகிறது, ஊசி இல்லாமல் இன்னும் காத்திருக்கலாம். 549-க்கும் 671-க்கும் நடுவில் நின்றால் தேங்கிவிட்டது. 671-ஐத் தாண்டினால் உடனே மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு சிகிச்சையை முடிவு செய்வார்கள். தேக்கத்துக்கு நான்கு அளவு கேட்கும் இதே விதி, ஏற்றத்துக்கு மூன்று அளவோடு திருப்தி அடைகிறது: இரண்டு வாரத்துக்குள் தொடர்ந்து பத்து சதவீதத்துக்கு மேல் ஏறினால் போதும். 602 வேறு லேபில் வந்தது என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்த ஓர் அளவைத் தள்ளிவிட்டு, பழைய லேபில் இன்னும் ஒரு வாரம் கூடுதலாகப் பார்க்கலாம் என்று அவர் சொன்னாலும் சரியே. இந்த நிலையில் ஒரு வாரத் தாமதத்தால் எதுவும் கெட்டுவிடாது. ஆனால், விட்டுவிட்டு ஒரு மாதம் கழித்து வருவதுதான் ஆபத்து.

கார்டில் வந்த இரண்டு கோட்டைப் பற்றி. வீட்டில் பார்க்கும் கார்டு 25 அளவிலேயே கோடு காட்டிவிடும். 600 இருக்கும்போது காட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கார்டு ‘ஆம், இல்லை’ என்று மட்டும் சொல்லும். 600-க்கும் 60-க்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. எனவே இந்தக் கண்காணிப்புக்கு அது உதவாது, இனி வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். அந்தக் கோட்டால் ஒரு நன்மை உண்டு. சிலருடைய ரத்தத்தில் உள்ள வேறு எதிர்ப்புப் புரதங்கள் கிட்டை ஏமாற்றி, இல்லாத ஹார்மோனை இருப்பதாகக் காட்டிவிடும். அந்தப் புரதம் சிறுநீரில் இறங்குவதில்லை. சிறுநீரிலும் கோடு வந்திருக்கிறது என்றால் ஹார்மோன் நிஜமாகவே இருக்கிறது.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். சுத்தம் செய்தபின் தம்பதி ஒன்றாக இருந்தார்களா, தடுப்பு ஏதும் பயன்படுத்தினார்களா என்று நீங்கள் எழுதவில்லை. மறுபடி கரு தங்கினாலும் இதே ஹார்மோன்தான் வரும். நல்ல கர்ப்பமாக இருந்தால் அளவு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும், 584, 602 என்று படுத்திருக்காது. ஆனாலும் ஊசி போடுமுன் உள்வழி ஸ்கேன் ஒன்று எடுத்து இதை உறுதி செய்வார்கள், செய்யாவிட்டால் நீங்களே கேளுங்கள். அதே ஸ்கேனில் சினைப்பையில் பெரிய நீர்க்கட்டிகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அவை இந்த ஹார்மோன் ஊதிவிட்டவை, பீட்டா இறங்கியதும் இரண்டு மூன்று மாதத்தில் தானே சுருங்கும். ஒரு பக்கம் திடீரென்று தாங்க முடியாத வலி வந்தால் மட்டும் கட்டி முறுக்கிக்கொண்டதா என்று உடனே பார்க்க வேண்டும்.

இனி பப்பாளிக்கு வருவோம். ரிப்போர்ட்டில் ‘கம்ப்ளீட் மோல்’ என்று வந்த முழு முத்துப்பிள்ளை, கரு உண்டான அந்த நொடியிலேயே தீர்மானமாகிவிடுகிறது. தாயின் மரபணு இல்லாத முட்டைக்குள் ஒரு விந்தணு போய்த் தன் 23 குரோமோசோம்களை இரட்டித்து 46 ஆக்கிக்கொள்கிறது. சில சமயம் இரண்டு விந்தணுக்கள் நுழைந்துவிடுகின்றன. தாயின் பங்கு இல்லாததால் குழந்தை உருவாவதில்லை. நஞ்சுக்கொடித் திசு மட்டும் நீர் கோர்த்த குமிழ்களாக, திராட்சைக் குலை போலப் பெருகுகிறது. சாப்பாடு, பயணம், கிரகணம், மாடிப்படி எதற்கும் இதில் வேலை இல்லை. ‘எல்லாம் அப்பாவின் குரோமோசோம்’ என்று கேட்டவுடன் பழியைத் தூக்கி மாப்பிள்ளை தலையில் போட்டுவிடவும் வேண்டாம். அவர் உடம்பிலும் குறை இல்லை. 20 வயதுக்குள்ளும் 40 வயதுக்கு மேலும் இது அதிகமாக வருகிறது, அவ்வளவுதான்.

சதைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்பது நல்ல விஷயம். மற்ற வாசகிகளுக்காகச் சொல்கிறேன்: 8, 9 வாரத்தில் முத்துப்பிள்ளை ஸ்கேனில் குமிழ்களாகத் தெரியாமல், துடிப்பு நின்றுபோன சாதாரணக் கரு மாதிரியே தெரியலாம். ‘கரு தங்கலை, மாத்திரை போட்டுக் கலைத்துவிடலாம்’ என்று மெடிக்கலில் வாங்கி விழுங்கிவிட்டால், வெளியே வந்தது என்ன என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். மூன்று மாதம் கழித்து ரத்தம் கொட்டும்போதோ இருமலில் ரத்தம் வரும்போதோதான் விஷயம் வெளிப்படும். ஸ்கேனில் முத்துப்பிள்ளை தெரிந்துவிட்டாலும் மாத்திரையால் கருப்பையைச் சுருங்க வைப்பதைத் தவிர்ப்பார்கள், அந்த அழுத்தத்தில் திசு நுரையீரலுக்குப் போய்விடக்கூடும் என்பதற்காக. உறிஞ்சு குழாயால் எடுப்பதே முறை.

அடுத்து, வீட்டில் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி: இது புற்றுநோயா? முழு முத்துப்பிள்ளை வந்தவர்களில் நூற்றுக்கு 15 முதல் 20 பேருக்கு, சுத்தம் செய்தபின்னும் கொஞ்சம் திசு கருப்பைச் சுவருக்குள் ஊன்றிக்கொண்டு வளரும். தாயின் மரபணுவும் சேர்ந்திருக்கும் பாதி முத்துப்பிள்ளையில் இது 5 பேருக்கும் குறைவு. டாக்டர்கள் இதை ஜி.டி.என். என்பார்கள். இது புற்றுநோய்க் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குடும்பத்திலேயே மருந்துக்கு இவ்வளவு கட்டுப்படுவது வேறு எதுவும் இல்லை என்றே சொல்லலாம். மெத்தோட்ரெக்ஸேட்டால் இந்த வகைக் கட்டியைக் கரைக்க முடியும் என்று மின் சியூ லீயும் ராய் ஹெர்ட்ஸும் அமெரிக்காவில் 1956-இல் காட்டினார்கள். பரவிய திடக் கட்டி மருந்தாலேயே குணமானது அதுதான் முதல் முறை. குறைந்த ஆபத்துப் பிரிவில் இன்று கிட்டத்தட்ட எல்லோருமே குணமாகிறார்கள். இதே மருந்து கருக்குழாய்க் கர்ப்பத்துக்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கப்படுவதுதான். மற்ற புற்றுநோய்களில் சதை எடுத்துப் பார்க்காமல் மருந்து தொடங்க மாட்டார்கள். இதில் பீட்டா அளவை வைத்தே தொடங்கிவிடுவார்கள். ரத்த ஓட்டம் மிகுந்த திசு இது, குத்தி எடுத்தால் நிற்காமல் கொட்டும். பிறப்புறுப்பில் நீலநிற முடிச்சு தெரிந்தாலும் அதில் கை வைக்கக் கூடாது.

ஊசிக்கு முன் நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். அது சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் அதற்கு மேல் தேட வேண்டாம். ஏதாவது தெரிந்தால் நெஞ்சு சி.டி.யும் மூளை எம்.ஆர்.ஐ.யும் தேவைப்படும். பிறகு ஒரு மதிப்பெண் போடுவார்கள். உங்கள் தங்கையின் விவரத்தை வைத்தே பாருங்கள். வயது 40-க்குக் கீழ், பூஜ்யம். முந்தையது முத்துப்பிள்ளைக் கர்ப்பம், பூஜ்யம் (நல்ல பிரசவத்துக்குப் பிறகு வந்திருந்தால் 2). அந்தக் கர்ப்பம் முடிந்து நான்கு மாதத்துக்குள், பூஜ்யம். பீட்டா 1,000-க்குள், பூஜ்யம். இங்கே பலர் குழம்பி 1,86,000 என்ற பழைய அளவைப் போட்டுப் பார்த்து மிரண்டுபோகிறார்கள். ஊசி தொடங்கும் நாளின் அளவுதான் கணக்கு. ஸ்கேனில் 3 முதல் 5 சென்டிமீட்டருக்குள் கட்டி இருந்தால் 1 சேரும், 5-ஐத் தொட்டால் 2. வேறெங்கும் பரவவில்லை என்றால் அதற்கும் பூஜ்யம். 6 வரை குறைந்த ஆபத்து, ஒரே மருந்து போதும். 7-லிருந்து ஐந்து மருந்துகள் சேர்ந்த கடுமையான சிகிச்சை வேண்டும். உங்கள் தங்கை 0 அல்லது 1-இல் நிற்பாள் என்றே தோன்றுகிறது.

மாமியார் கேட்டது நியாயமான கேள்வி. கருப்பைக்குள்ளேயே திசு தேங்கி, பீட்டாவும் 5,000-க்குள் இருந்தால், ஸ்கேன் பார்த்துக்கொண்டே இரண்டாவது முறை உறிஞ்சி எடுத்து ஊசியைத் தவிர்க்கும் வழி சிலருக்கு உண்டு. ஆனால், திசு சுவருக்குள் இறங்கியிருந்தால் எத்தனை தடவை சுரண்டினாலும் வராது. கருப்பை ஓட்டையாகும், ரத்தம் போகும், உள்பூச்சு ஒட்டிக்கொண்டு பிற்காலத்தில் கரு தங்குவதே கஷ்டமாகும். இன்னும் குழந்தை பெறாத 24 வயதுப் பெண்ணுக்கு, ஸ்கேனில் உள்ளே தேக்கம் தெரிந்தாலொழிய நான் அதைச் சொல்ல மாட்டேன். ஊசி அவள் கருப்பைக்குச் செய்யும் தீங்கு இன்னொரு சுரண்டலைவிடக் குறைவு.

ஊசி எப்படிப் போடுவார்கள்? அதிகம் புழங்கும் முறையில் 1, 3, 5, 7-ஆம் நாட்களில் 50 மில்லிகிராம் மெத்தோட்ரெக்ஸேட் தசையில். 2, 4, 6, 8-ஆம் நாட்களில், முந்தைய ஊசிக்கு 24 முதல் 30 மணி நேரம் கழித்து, 15 மில்லிகிராம் ஃபோலினிக் அமில மாத்திரை. இது ஒரு சுற்று. தொடங்கிய நாளிலிருந்து 14 நாளில் அடுத்த சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் முன் ரத்த அணுக்கள், தட்டணு, கல்லீரல், கிரியாட்டினின் பார்த்த பிறகே ஊசி. பீட்டா 5-க்குக் கீழே வந்ததும் நிறுத்திவிட மாட்டார்கள், இரண்டு மூன்று சுற்று கூடுதலாகப் போடுவார்கள். ‘அளவு நார்மல் ஆச்சு, இன்னும் எதுக்கு ஊசி?’ என்று அந்த இடத்தில்தான் வீட்டில் கேட்பீர்கள். கண்ணுக்கும் கிட்டுக்கும் தெரியாத மிச்சத்துக்காகத்தான். அதை விட்டால் திரும்பி வரும்.

இதில் நடக்கும் ஒரு தவறு மிகச் சாதாரணமானது. ஃபோலினிக் அமிலமும் ஃபோலிக் அமிலமும் வேறு வேறு. ஃபோலினிக் மாத்திரையை நேரம் தவறாமல் போட வேண்டும், அதுதான் வாய்ப்புண்ணிலிருந்தும் ரத்த அணுக் குறைவிலிருந்தும் காப்பாற்றுகிறது. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலம் கலந்திருக்கிறது. தினமும் விழுங்கினால் மருந்தின் வேலையை மழுங்கடிக்கலாம். உங்கள் தங்கை பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிப் பதிவேட்டில் பதிந்திருந்தால் கிராம சுகாதார செவிலியர் அதை வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்திருப்பார். கர்ப்பம் முடிந்துவிட்டதை அவரிடம் சொல்லிப் பதிவை மாற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ‘எத்தனாவது மாசம்?’ என்று போன் வந்துகொண்டே இருக்கும், அது அந்தப் பெண்ணுக்குத் தேவையில்லாத வேதனை. ரத்தசோகை இருந்தால் ஃபோலிக் கலக்காத இரும்பு மாத்திரையை டாக்டர் எழுதித் தருவார். உடல்வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வாங்கிப் போட வேண்டாம், அவை மெத்தோட்ரெக்ஸேட்டைச் சிறுநீரகத்தில் தேக்கிவிடும். பாராசிட்டமால் போதும். கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கும் கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். வாய்ப்புண், கண் எரிச்சல், அடிவயிறு நெஞ்சு வலி சிலருக்கு வரும். இந்த மருந்தில் முடி கொத்தாக உதிர்வது அபூர்வம். காய்ச்சல் 38 டிகிரி தாண்டினாலோ, வாய்ப்புண்ணால் தண்ணீர்கூட இறங்காவிட்டாலோ அடுத்த ஊசி நாள் வரை காத்திருக்காமல் போங்கள்.

ஊசி தொடங்குவதற்கு முன்னும் பின்னும், நாப்கின் ஒரு மணி நேரத்தில் நனையும் அளவு ரத்தம், இருமலில் ரத்தம், மூச்சிரைப்பு, விடாத தலைவலி, வலிப்பு இவற்றில் எது வந்தாலும் இரவென்று பாராமல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசியையும் மகப்பேறு, புற்றுநோய் இரு பிரிவும் உள்ள இடத்தில் போட்டுக்கொள்வது நல்லது. முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப்போய் அங்குள்ள கவுண்டரில் கேளுங்கள்.

பி நெகட்டிவ் என்று எழுதியிருக்கிறீர்கள். நெகட்டிவ் ரத்தத் தாயின் உடம்பு பாசிட்டிவ் ரத்தத்துக்கு எதிர்ப்புப் புரதம் உண்டாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை, சுத்தம் செய்த 72 மணி நேரத்துக்குள் போட்டார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் தேடுங்கள். போட்டிருந்தால் விஷயம் முடிந்தது. போடவில்லை என்றாலும் தலையில் கை வைக்க வேண்டாம். முழு முத்துப்பிள்ளையில் குழந்தையின் ரத்தமே உருவாவதில்லை என்பதால் ஆபத்து மிகக் குறைவு. அந்த எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் ‘இன்டைரக்ட் கூம்ப்ஸ்’ என்ற ரத்தப் பரிசோதனையைச் செய்து நெகட்டிவ் என்று உறுதி செய்துகொண்டால் போதும்.

கருத்தடை இல்லாமல் இந்தச் சிகிச்சையே ஓடாது. ஆணுறையோ, வேறு தடை இல்லாத பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரையோ சரி. மாத்திரை போட்டால் நோய் கூடும் என்ற பழைய பயத்துக்கு ஆதாரம் இல்லை. காப்பர்-டி மட்டும் பீட்டா நார்மல் ஆகும்வரை வேண்டாம், இப்போது சுவர் மென்மையாக இருக்கும், துளைத்துவிடலாம். எத்தனை நாள் என்றால்: ஊசி தேவைப்படாமல் தானே இறங்கிவிட்டால், நார்மல் ஆன நாளிலிருந்து 6 மாதம், மாதம் ஒரு பீட்டா. ஊசி போட்டால், கடைசி ஊசியிலிருந்து 12 மாதம். இந்த ஒரு வருஷம் உறவுக்காரர்களின் ‘விசேஷம் ஏதும் உண்டா’ கேள்வியைச் சமாளிப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும், அவள் மேல் விடாதீர்கள். இடையில் கரு தங்கினால் பீட்டா ஏறும். அது குழந்தையா, நோய் திரும்பியதா என்று சில வாரம் பிரித்தறிய முடியாமல் போகும்.

குழந்தை பிறக்குமா? பிறக்கும். மெத்தோட்ரெக்ஸேட் போட்டுக்கொண்ட பெண்கள் பிறகு சாதாரணமாகக் கருத்தரித்துப் பெறுகிறார்கள். பிறவிக் குறைபாடும் மற்றவர்களைவிட அதிகமாக வருவதில்லை. மறுபடி முத்துப்பிள்ளை வருவது நூற்றில் ஒருவருக்கு அல்லது இருவருக்கு. அப்படி இரண்டாவது முறையும் வந்தால், அப்போது என்.எல்.ஆர்.பி.7 என்ற மரபணுவைப் பார்க்க வேண்டியிருக்கும். இப்போது அந்தச் சோதனைக்குச் செலவு செய்யத் தேவையில்லை.

அடுத்த முறை நாள் தள்ளிப்போனதும் பழைய பைலை எடுத்துக்கொண்டு போகட்டும். பீட்டா அளவுகளைத் தேதியோடு எழுதிய தாள், சதைப் பரிசோதனை ரிப்போர்ட், எத்தனை சுற்று ஊசி என்ற விவரம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். 6 முதல் 8 வாரத்துக்குள் முதல் ஸ்கேன். துடிப்பு தெரிந்துவிட்டால் மற்ற கர்ப்பிணிகளுக்குச் செய்கிற செக்-அப்தான், கூடுதல் ஓய்வோ படுக்கையோ தேவையில்லை. பிரசவமாகி ஆறு வாரம் கழித்து, குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் அன்றே ஒரு பீட்டா எடுத்துவிடச் சொல்லுங்கள். கரு கலைந்துபோனாலும் அதே ஆறு வாரக் கணக்குத்தான்.